மணல்மேட்டில் மூன்று பேர்

நாகேஷ் குக்குனூரின் 'டோர்' (2006) படத்தில் ராஜஸ்தான் மணல்மேட்டில் மூன்று பேர் ஆடும் காட்சி ஒன்று உண்டு. ஒருத்தி மீரா, கணவனை இழந்தவள். இன்னொருத்தி ஜீனத். மீராவின் கணவன் சாவுக்குக் காரணம் என்று சவூதியில் மரண தண்டனை பெற்றுக் கிடப்பவனின் மனைவி. மூன்றாமவன் பகல்வேஷக்காரன். ஜீனத் வந்திருப்பது ஒரு மன்னிப்புக் கடிதத்தில் மீராவின் கையெழுத்து வாங்க. அது கிடைத்தால்தான் அவள் கணவன் உயிர் பிழைப்பான். மீராவுக்கு அது தெரியாது. கோயிலுக்குப் போகும் நேரம் தவிர அவளுக்கு வீட்டை விட்டு வெளியே வர அனுமதி கிடையாது. அந்த நேரத்தில்தான் இந்தச் சிநேகிதம் வளர்கிறது. ஒருநாள், அப்போது நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ஓர் இந்திப் பாட்டுக்கு மூவரும் ஆடுகிறார்கள்.

நம் படங்களில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. இந்த ஆட்டம் ஏன் இப்படி நெஞ்சைப் பிடிக்கிறது? விதவைக்கென்று கொடுத்த அந்த இருண்ட உடையோடுதான் ஆயிஷா டாக்கியா ஆடுகிறார். கனவுக்காட்சியாக்கி அவருக்கு வண்ணப் புடவை கட்டிவிடவில்லை இயக்குநர். துக்கம் உடம்பின் மேலேயே இருக்கிறது, கால் மட்டும் தாளத்துக்குப் போகிறது. பக்கத்தில் ஆடுகிற குல் பனாக்கின் சிரிப்பில் பாதி சந்தோஷம், பாதி குற்ற உணர்வு. சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லாதவள் அவள். இவ்வளவும் தெரிந்த நமக்கு அந்த மகிழ்ச்சியின் மீது பயம் வருகிறது, இது உடைந்துவிடக் கூடாதே என்று. திரையில் காட்டப்படும் மகிழ்ச்சியின் மேல் பார்ப்பவருக்கு அக்கறை வந்துவிட்டால் இயக்குநர் ஜெயித்துவிட்டார் என்று பொருள்.

'டோர்' சொந்தக் கதை அல்ல. கமல் இயக்கிய 'பெருமழைக்காலம்' (2004) என்ற மலையாளப் படத்தின் மறுவடிவம். அதில் கணவனை இழப்பவள் பாலக்காட்டுத் தமிழ் அக்ரஹாரத்துப் பெண். காவ்யா மாதவன் நடித்தார். படம் முழுக்க மழை கொட்டும். மழை அந்தக் கதையைக் கண்ணீர்ப் பக்கம் இழுத்தது. குக்குனூர் அதைத் தூக்கி வறண்ட மணலில் வைத்தார். மணலுக்குப் போனதும் கதை அழுகையிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பியது. மூலத்துக்கு ஒரு படி மேல் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கடைசியில் ஓடும் ரயிலில் கை கொடுத்து ஏற்றும் காட்சி மட்டும் வேறொரு பிரபலமான இந்திப் படத்திலிருந்து வந்தது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் அங்கே காதலன் காதலியை ஏற்றினான், இங்கே ஒரு பெண் இன்னொரு பெண்ணை ஏற்றுகிறாள். அந்த மாற்றத்துக்காக மன்னிக்கலாம்.

குக்குனூர் ஹைதராபாத்காரர். நாராயணகூடா தியேட்டர்களில் தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று எல்லாம் பார்த்து வளர்ந்தவர். பள்ளிப்படிப்பு நம் ஏற்காடு மான்ட்ஃபோர்ட்டில். அட்லாண்டாவில் சுற்றுச்சூழல் பொறியாளராக இருந்துவிட்டு, சேர்த்த காசைப் போட்டு சுமார் 17 லட்சம் ரூபாயில் 'ஹைதராபாத் புளூஸ்' (1998) எடுத்தார். இப்போது பார்த்தால் அதன் தொழில்நுட்பம் கொஞ்சம் வெளிறித் தெரியும். பேச்சு மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

ஹைதராபாத்தின் தென்கிழக்கில், காஞ்சன்பாக்கில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சுவை உண்டு. இது ஏவுகணை ஆய்வுக்கூடங்களின் பேட்டை. டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., 1970-ல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ், 1973-ல் தொடங்கிய மிதானி எல்லாம் அடுத்தடுத்து. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இங்கே வேலை பார்ப்பவர்கள் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை, பேசவும் கூடாது. பல வருட உழைப்பு ஒருநாள் பலித்திருக்கும். மனைவிக்கே அது மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். அதற்கு முதல்நாள் மாலை மனிதர் காரணம் சொல்லாமல் ஒரு கிலோ இனிப்போடு வந்திருப்பார், அவ்வளவுதான். மகிழ்ச்சியை நேராகச் சொல்லாமல் வேறொன்றின் வழியாகத் தெரியவைக்கும் பழக்கம் இந்த ஊருக்கு உண்டு.

1982-ல் டி.ஆர்.டி.எல். இயக்குநராக இங்கே வந்தவர் அப்துல் கலாம். 1989 மே 22 அன்று அக்னி ஏவுகணை பறந்தது. ஆனால் தன் பேரானந்தம் என்று அவர் மேடைதோறும் சொல்லிவந்தது வேறொன்றை. நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அக்னிக்காகச் செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, இத்தனை லேசா என்று அதிசயித்து, கலாமைத் தன் வார்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே போலியோ தாக்கிய பிள்ளைகள் 3 கிலோவுக்கும் மேல் எடையுள்ள உலோகக் காலிபரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராமில் புதிய காலிபர் தயாரானது. மாட்டியதும் பிள்ளைகள் தங்கள் கால்களையே நம்ப முடியாமல் ஓடத் தொடங்கினார்கள், பெற்றவர்கள் கண் கலங்கினார்கள். எத்தனை பெரிய இயக்குநருக்கும் கிடைக்காத காட்சி! ராக்கெட்டை அண்ணாந்து பார்த்துத் தேடிய நிறைவு ஒரு பிள்ளையின் காலில் அகப்படுகிறது.

நல்ல படங்களும் இந்த வழியாகத்தான் போகின்றன. மகிழ்ச்சியைத் தேடிக் கிளம்பும் பாத்திரத்துக்கு அது தேடிய இடத்தில் கிடைத்துவிட்டால், படம் விளம்பரம் ஆகிவிடும். பெரிய வீடு, இருபது உறவினர், மெதுவாகச் சுற்றும் காமிரா, எல்லோர் முகத்திலும் சிரிப்பு என்று வருகிற குடும்பப் பாடல்களில் எனக்கு ஒட்டுதல் வராததும் அதனால்தான். அங்கே யாருக்கும் கையில் வேலை இல்லை.

தருண் பாஸ்கரின் 'பெள்ளி சூப்புலு' (2016) அந்த விதத்தில் சுத்தமான படம். பெண் பார்க்க வந்த இடத்தில் அறைக்கதவு சிக்கிக்கொள்கிறது. உள்ளே பையனும் பெண்ணும். வேறு வழியில்லாமல் பேசுகிறார்கள். அவன் பொறியியலில் தடுமாறியவன், சமையலில் ஆசை. அவள் ஆஸ்திரேலியா போகத் துடிப்பவள். மாப்பிள்ளை வீட்டார் வந்ததே தவறான வீட்டுக்கு என்று பிறகு தெரிகிறது. படப்பிடிப்பிலேயே ஒலியையும் பதிவு செய்ததால் அந்த அறையின் பேச்சில் மூச்சும் தயக்கமும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் சேர்ந்து தொடங்குவது உணவு வண்டி. காதல் எந்த இடத்தில் வந்தது என்று காட்ட இயக்குநர் அவசரப்படவே இல்லை. விஜய் தேவரகொண்டா அடுப்படியில் நிற்கும்போது அந்த முகத்தில் வரும் நிதானத்தைப் பாருங்கள், பாதிப் படம் அதிலேயே சொல்லப்பட்டுவிடும். 2021-ல் தமிழில் 'ஓ மணப்பெண்ணே' என்று வந்தது. குறையில்லை, ஆனால் ஹைதராபாத் தெருவின் வாசனை அதில் கிடைக்கவில்லை.

நம்மிடம் இதற்குச் சமமாக 'காக்கா முட்டை' (2015) இருக்கிறது. தண்டவாளத்தில் நிலக்கரி பொறுக்கி, காசு சேர்த்து, பீட்சா தின்னத் துடிக்கும் இரண்டு பிள்ளைகள். பாட்டி தோசை மாவில் ஒன்றைச் சுட்டுத் தருகிறாள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் நிஜ பீட்சா ராஜ மரியாதையோடு வாய்க்கு வந்ததும், பாட்டி சுட்டதே தேவலை என்கிறார்கள். இயக்குநர் மணிகண்டன் அந்த இடத்தில் இசையைக் கூட்டவில்லை. பிள்ளைகள் மெல்லும் வாயைக் காட்டி நிறுத்திக்கொள்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல் நான் வைப்பது பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024). 1996-ல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, 22 வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடும் எண்ணம். மேடையில் பரிசை நீட்டுகிறான். மணப்பெண் அங்கேயே பிரிக்கிறாள், நீயே போட்டுவிடு என்கிறாள். வரிசையில் ஜனம் காத்திருக்க, அண்ணன் குனிந்து ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடுகிறான், கொலுசு வரைக்கும். அரவிந்த்சாமியின் விரல்கள் அதில் மிக மெதுவாகப் போகின்றன. பேச்சு கிட்டத்தட்ட இல்லை. மன்னிப்பும் பாசமும் இருபத்திரண்டு வருடத்து ஏக்கமும் கொலுசின் திருகாணியை மாட்டுகிற வேலைக்குள் அடங்கிவிடுகின்றன. என் தெலுங்கு அண்டை வீட்டார் இதை 'சத்யம் சுந்தரம்' என்ற பெயரில் பார்த்துவிட்டு வந்து, நீடாமங்கலம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

படம் நீளம் என்று குறை எழுந்து, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். அந்த வெட்டில் எனக்குச் சம்மதமில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவன் (கார்த்தி) ராத்திரி முழுக்க அன்பு காட்டுவதைத் தாங்க முடியாமல் அருள்மொழி நெளிகிறான். அந்த நெளிவு நமக்கும் உறைக்க வேண்டுமானால், கார்த்தியின் பேச்சு நம் பொறுமையையும் சற்றுச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.