வங்கி சங்கர் யார்?

அரியலூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு புதிர் அனுப்பியிருந்தாள். ஒவ்வோர் எண்ணும் ஒரு தமிழ் எழுத்து. ஒரே எண் வந்தால் ஒரே எழுத்து. ‘சித்தப்பா, ரொம்ப ஈஸி. உடைச்சுக் காட்டுங்க.’

5 5 / 5 9 / 2 7 4 1 8

பெரம்பலூரில் பஸ் ஏறும்போது ஆரம்பித்தேன். முதல் சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறது, அப்படியானால் ‘மாமா’. இரண்டாவது சொல்லும் ‘மா’வில் தொடங்குவதால் ‘மாடு’. மாமாவுக்கு மரியாதை கொடுத்தால் கடைசிச் சொல் ‘னார்’ என்று முடியும். மாமா மாடு வாங்கினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் அனுப்பினேன்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டாவது வரியை அனுப்பினாள்.

6 7 4 / 3 7 10 8

என் சாவியைப் போட்டேன். 7 ‘ங்’, 4 ‘கி’. முதல் சொல் ‘வங்கி’ என்று அழகாக விழுந்தது. ஆஹா, மாமா கடன் எடுத்து மாடு வாங்கியிருக்கிறார்! அடுத்த சொல் ‘ங்’, ‘ர்’ இரண்டையும் வைத்துக்கொண்டு மிரட்டியது. யோசித்து ‘சங்கர்’ என்று போட்டேன். அதுவும் பொருந்தியது. வங்கி சங்கர். மாமாவுக்குக் கடன் கொடுத்த ஆபீசராக இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விடை இது: மாமா மாவு ஆட்டினார். பாட்டி சுட்டார்.

‘மாமா எங்கேடி மாவு ஆட்டுவார்?’ என்றேன்.

‘ஏன், ஆட்ட மாட்டாரா?’

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் அல் கிண்டி இந்த வகை மறைகுறிகளை உடைக்க ஒரு வழி எழுதிவைத்தார். எந்தக் குறி அதிகம் வருகிறதோ, அது அந்த மொழியில் அதிகம் புழங்கும் எழுத்தாக இருக்கும். எட்கர் ஆலன் போவின் ‘தங்க வண்டு’ (1843) கதையிலும் கானன் டாயிலின் ‘நடனமாடும் மனிதர்கள்’ (1903) கதையிலும் இதே கணக்குதான். ஆனால் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எழுத்துகள் வேண்டும். ஒரு மறைகுறிக்கு ஒரே விடைதான் உண்டு என்று சொல்ல எவ்வளவு நீளம் தேவை என்பதை 1949இல் குளோட் ஷானன் கணக்கிட்டார். ஆங்கிலத்தில் இந்த எளிய வகைக்கு ஏறக்குறைய 25 முதல் 30 எழுத்துகள். என்னிடம் முதலில் இருந்தவை ஒன்பது. அதில் மாடும் பொருந்தும், மாவும் பொருந்தும். எது என்று முடிவு செய்தது புதிர் இல்லை, நான். ஆண் என்றால் மாடு வாங்குவான் என்று எனக்குள் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான் வாசித்திருக்கிறேன்.

நாம் எழுதும் விமர்சனங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. கதையில் ஒரு கிணறு வந்தால் அது நனவிலி, காகம் வந்தால் மூதாதை, ரயில் வந்தால் காலனியம். ‘கட்டுடைத்தல்’ என்கிறோம். பொருந்திவிட்டால் போதும், நிரூபித்துவிட்டதாக நினைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு சிறுகதையில் வரும் மூடிய கிணற்றை அடக்கப்பட்ட நினைவின் குறியீடு என்று நான்கு பக்கம் எழுதினேன். அதில் ஒரு குழந்தை விழுந்ததால்தான் ஊர் அதை மூடியது என்ற வரி கதையிலேயே இருந்தது. எனக்குச் சாவி கிடைத்துவிட்டதால் அந்த வரி கண்ணில் படவில்லை. தவறான சாவியின் ஆபத்து அது பூட்டைத் திறக்காது என்பதில் இல்லை. கொஞ்ச தூரம் திறந்துகொண்டே போகும். வங்கி வரும், சங்கர்கூட வருவார்.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது என்று தேடினால் இதே ஊர்களில்தான் வந்து நிற்கிறேன். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். நெருப்பா நீரா என்பதைப் படிப்பவர் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தக் குறில் நெடில் குழப்பத்தைத் தீர்த்த எழுத்துச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரில் சொல்லப்படுகிறது. அவர் வாழ்ந்து பணியாற்றிய ஏலாக்குறிச்சி இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் தமிழ் படித்த அரியலூரும் குன்னமும் செங்கணமும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்தான். ‘என் சரித்திரம்’ நூலைச் சுவடி தேடிய சாகசக் கதையாகவே பலரும் வாசிக்கிறோம். எனக்கு இப்போது அது மறைகுறி உடைத்தவரின் நாட்குறிப்பாகத் தெரிகிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டபோது, தான் படித்திருந்த நூல்களின் பட்டியலில் சீவக சிந்தாமணி இல்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறார். அதன் ஏடுகளில் மூலம் எது, உரை எது என்று பிரிப்பதே பெரும்பாடு. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் வருகின்றன, எந்த நூல் என்ற குறிப்பு இல்லை. ஊகித்து ஒரு பெயரைப் போட்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. ஊர் ஊராக அலைந்து இன்னும் பல பிரதிகளைச் சேர்த்தார். சமணக் கருத்துகளைச் சமணர்களிடமே போய்க் கேட்டார். வேறு ஏடுகளைப் புரட்டும்போது அந்த மேற்கோள்கள் சங்க நூல்களில் கண்ணில் பட்டன. 1887இல் சிந்தாமணி அச்சானது. பிறகு வந்த பதிப்புகளிலும் திருத்தினார்.

அதாவது, அவர் எப்போதும் இரண்டாவது வரியைத் தேடிப் போனார். அது வந்தபோது தன் சாவியை மாற்றத் தயாராக இருந்தார். அந்த நூலின் மிக அழகான இடங்கள் அவர் கண்டுபிடித்தவை அல்ல, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று ஒப்புக்கொள்பவை என்பேன். நம் விமர்சனத்தில் அந்த வாக்கியத்தைக் கடைசியாக எங்கே படித்தோம்?

எனக்கும் இரண்டாவது வரி வந்தது. நான் சாவியை மாற்றவில்லை. அதற்குப் பதில் சங்கருக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் அவள் இன்னொரு புதிர் அனுப்பினாள். வெறும் நான்கு எண்கள். உடனே ஒரு சொல் தோன்றியது. நன்றாகவே பொருந்தியது. அதை அனுப்பவில்லை.

‘இன்னொரு வரி அனுப்பு’ என்றேன்.