'வரை' என்றால் எதுவரை? எழில் மொழி பற்றி ஒரு விமர்சனம்

அண்ணனூரில் எங்கள் வீட்டு மாடியில், வாரம் இரண்டு நாள், ஸ்கூல் விட்டு வரும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்கிராட்ச்சில் ஆரம்பித்தோம். அது கொஞ்சம் பழகியதும் எழிலுக்கு வந்தோம். முத்தையா அண்ணாமலை 2007-இல் தொடங்கிய தமிழ் நிரலாக்க மொழி இது. பைத்தானில் எழுதப்பட்டது, திறமூலம்.

முதலில் பாராட்டு. எழிலில் நிபந்தனை முன்னால் வரும், கட்டளைச் சொல் பின்னால் வரும்: @( மதிப்பெண் >= 35 ) ஆனால். ஆங்கிலத்தில் 'இஃப்' முதலில் நிற்கும். நாமோ 'மழை வந்தால்' என்று கடைசியில்தான் நிபந்தனையை வைப்போம். வெறும் சொல் மாற்றத்தோடு நிற்காமல் வாக்கிய அமைப்பையே யோசித்திருக்கிறார்கள்.

இதைப் படித்த ஒரு பெண், "35-க்கு மேல, ஆனால்... என்ன ஆச்சு அங்கிள்?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு 'ஆனால்' என்றால் 'ஆனா' தான். சிரித்துவிட்டு விளக்கினேன், புரிந்துவிட்டது.

சிக்கல் அடுத்த வகுப்பில் வந்தது. போர்டில் இப்படி எழுதினேன்:

எ = 0
@( எ < 5 ) வரை
    பதிப்பி எ
    எ = எ + 1
முடி

"என்ன வரும்?" என்றேன். ஏழாவது படிக்கும் பையன், "ஒண்ணும் வராது" என்றான். ஏன்? "எ அஞ்சைவிடக் குறைவாகிற வரைக்கும்தானே ஓடணும்? அது ஏற்கெனவே குறைவுதானே!"

ஓட்டிப் பார்த்தால் 0 முதல் 4 வரை வந்தது. எழிலில் 'வரை' என்பது ஆங்கில 'வைல்'. நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடும். பையனோ ஸ்கிராட்ச்சின் 'ரிப்பீட் அன்டில்' கட்டையில் பழகியவன். அது நிபந்தனை உண்மையானதும் நிற்கும். நேர் எதிர்.

நான் செய்த தப்பு: "அது அப்படித்தான்டா, ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது. தமிழில் 'வரை' தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. 'பஸ் வரும்வரை' நின்றால், பஸ் வந்ததும் காத்திருப்பு முடிகிறது. 'உயிர் உள்ளவரை' என்றால், உயிர் போனதும் முடிகிறது. அர்த்தத்தைத் தீர்மானிப்பது முன்னால் உள்ள வினை. எழிலில் அந்த வினை இல்லை. மொழியை வடிவமைத்தவர் 'இருக்கும்' என்று நிரப்பினார், பையன் 'ஆகும்' என்று நிரப்பினான். தமிழாக இரண்டும் சரி.

'உள்ளவரை' என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. மூன்றே எழுத்துதான் கூடுதல்.

'வைல்' என்று எழுதியிருந்தால் பையன் கேள்வியே கேட்டிருக்க மாட்டான், மனப்பாடம் செய்திருப்பான். தமிழில் இருந்ததால் அர்த்தம் தேடினான். தாய்மொழியில் நிரல் எழுதுவதால் வரும் லாபமே அதுதான். அதனால்தான் இந்த மொழியில் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத்தைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் முதல் வேலை, நீ படித்ததும் சரிதான் என்று அவனிடம் சொல்வது.