வாசஞ்செய்தலும் வீடின்மையும்: மலையக இலக்கிய நோக்கில் நத்தாரின் பொருள்

கடவுள் மனிதரிடையே குடிகொண்டார் என்பதே நத்தார் விழாவின் அடிப்படைக் கோட்பாடு. யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் இதனை உணர்த்தும் கிரேக்க வினைச்சொல், கூடாரம் என்னும் பெயரின் அடியாகப் பிறந்தது. கூடாரமடித்துத் தங்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழ் விவிலியம் அதனை வாசம்பண்ணுதல் என வழங்கிற்று. தமிழ்ச் சொல்லில் இல்லத்தின் நிலைபேறு தொனிக்கின்றது; மூலச்சொல்லில் நாடோடி வாழ்வின் நிலையாமை தொனிக்கின்றது. இவ்விடைவெளியை மொழிபெயர்ப்புச் சிக்கலாக மட்டும் கொள்ளாது, சமுதாயச் சிக்கலாகவும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொந்த வீடற்ற மக்களிடையே கடவுள் வாசஞ்செய்தார் என்பதற்கு என்ன பொருள்? இவ்வினாவை எழுப்புதற்கு இலங்கையின் மலையகம் மிகப் பொருத்தமான களமாகும்.

மார்க்சிய நோக்குடையோர் இத்தகைய பொருளை எடுத்தாளுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். 1844இல் மார்க்ஸ் சமயம் பற்றி எழுதியவற்றுள் அபின் என்ற உவமையையே பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். சமயத்தில் வெளிப்படும் துன்பம் மெய்யான துன்பத்தின் வெளிப்பாடு என்றும், அத்துன்பத்துக்கு எதிரான மறுப்பும் அதனுள் அடங்கியுள்ளது என்றும் அவர் அப்பகுதியிலேயே கூறியுள்ளார். ஆகவே ஒரு சமயக் கருத்து எவ்வர்க்கத்தின் வாயில் எப்பொருளைப் பெறுகின்றது என வினவுதல் இலக்கிய ஆய்வாளரின் கடமையாகும்.

தமிழில் இக்கருத்துக் காப்பிய வடிவம் பெற்றது வீரமாமுனிவரின் தேம்பாவணியில். 1726ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட அந்நூல் 36 படலங்களையும் 3,615 பாடல்களையும் உடையது. சூசையப்பரை வளன் என்னும் பெயரிற் காப்பியத் தலைவராகக் கொண்ட அதில், யூதேய நாடு தமிழ் மரபுக்கேற்ப நாட்டுப் படலத்தாலும் நகரப் படலத்தாலும் வருணிக்கப்படுகின்றது. வறண்ட மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் மிக்க நாடு, நீர்வளம் பெருகும் மருத நிலமாகக் காட்சி தருகின்றது. இத்தாலியிற் பிறந்த துறவி ஒருவர் தம் கடவுளைத் தமிழிற் குடியமர்த்திய சாதனை இது. அதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் கடவுள் எந்தத் தமிழிற் குடியேறினார் என்பது கேட்கப்பட வேண்டியதே. நிலவுடைமைச் சமுதாயம் தன் செழிப்பைக் கண்டு மகிழ்ந்த காப்பியத் தமிழே அவருக்கு இல்லமாயிற்று. தொழுவத்தின் வறுமை அணியலங்காரங்களுக்கிடையே சொல்லப்படலாயிற்று. வயலில் உழைத்தவனின் பேச்சு அவ்வில்லத்தினுட் புகவில்லை.

மருத நிலத்தை வருணித்த மரபுக்கு முற்றிலும் அப்பாற்பட்ட சமுதாயம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைகளில் உருவாகியது. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடக்கிவைத்த தேயிலைப் பயிர்ச்செய்கை பரவியபோது அதற்காகவும் தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம் லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பராவும் அதன் முன்னுள்ள ஒடுங்கிய இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகமாயின. காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போயிற் கூரையும் போகும்.

1854இல் இம்மக்களிடையே ஊழியம் செய்யத் தொடங்கிய அங்கிலிக்கன் மிஷன் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரைத் தாங்கிற்று. தோட்டத் துரைமாரின் பொருளுதவியும் அதற்கு இருந்தது. அது பாடசாலைகளை நடத்தி எழுத்தறிவைக் கொணர்ந்தமை மறுக்கற்பாலதன்று. அதேவேளை, உழைப்பாளரை அவர் பெற்ற கூலியாற் பெயரிட்டழைத்த உற்பத்தி உறவை அது தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி கிறிஸ்து ஆலயம் துரைமாரின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. எளியோரிடையே பிறந்தவரைத் துரைமார் ஒரு கட்டடத்திற் போற்ற, எளியோர் வேறிடத்தில் வாழ்ந்தனர்.

லூக்கா நற்செய்தி இப்பிறப்பைப் பேரரசு ஒன்றின் குடிக்கணக்கெடுப்போடு தொடங்குகின்றது. பேரரசன் ஒகஸ்துஸின் கட்டளைப்படி பெயர் பதியச் சென்ற தம்பதியருக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. கணக்கேட்டில் இடமுண்டு, தங்குதற்கு இடமில்லை. இம்முரண்பாடு மலையகத்தவர் நன்கறிந்தது. தோட்டத்துச் செக்ரோலில் அவர்கள் பெயர் நாள்தோறும் குறிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலும் அவர்கள் இடமிழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதர் வெறும் எண்களாக்கப்பட்ட இவ்வரலாற்றை அறிந்த வாசகனுக்கு லூக்காவின் தொடக்கம் வெறுங் காலக்குறிப்பாகத் தோன்றாது.

இந்நிலையை இலக்கியப் பொருளாக்கியோருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984). 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர் தொழிற்சங்கவாதி. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியவர். 1981இல் நூலுருப்பெற்ற அவரது நாவலின் பெயர் வீடற்றவன். தோட்டத்திற் சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி அதன் விலையாகத் தன் இருப்பிடத்தையும் இழக்க நேர்வதை அது சித்திரிக்கின்றது. வீடின்மை ஊழ்வினையின் பயனன்று, தோட்டத்துறையின் உடைமை உறவுகளது விளைவே என்பது இந்நாவலால் உணர்த்தப்படுகின்றது. இதுவே அதன் யதார்த்தவாதத்தின் வலிமை. தேம்பாவணி வாசஞ்செய்தலின் மகிமையைப் பாடியது. வீடற்றவன் வாசஞ்செய்ய இடமின்மையின் காரணத்தைக் காட்டிற்று. யோவான் கையாண்ட கூடாரச் சொல்லின் பொருளுக்கு நெருங்கிய தமிழ்ப் படைப்பு யாதென வினவின், கிறிஸ்தவ நூலல்லாத இந்நாவலையே நாம் சுட்டுவோம்.

கடவுளின் வாசத்தை வீட்டுப் பிரச்சினையாகச் சுருக்குகின்றோம் என்று சிலர் கூறலாம். ஆயின் வார்த்தை உடலெடுத்தது என்பதே அவர்தம் கோட்பாடு. உடலுக்குக் குளிரும் பசியும் உண்டு. நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் ஒழுகும் கூரையின் கீழ் அவ்வுடலுக்கு நேர்வது இறையியலுக்கும் புறம்பானதன்று. திருச்சபையினுள்ளேயே இதனை உணர்ந்தோர் இருந்தனர். இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையம் சிங்களவரையும் தமிழரையும், பல சமயத்தவரையும் ஒருங்கிணைத்துத் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தது. 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் தோன்றுதற்கும் அவர் முன்னின்றார். இவர்களது இறைநம்பிக்கையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. எனினும், தான் வேறிடத்தில் இருந்துகொண்டு பிறர்க்கு ஆறுதல் கூறும் சமயத்துக்கும், அவரோடு நின்று உரிமை கோரும் சமயத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திறனாய்வு காணாதிருத்தல் இயலாது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறியபோதெல்லாம் லயம் எஞ்சி நின்றது. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலையை நீக்கின. 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டங்கள் முன்னெடுக்கப்பட்டன. எனினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்திற் காணியும் வீடும் மீண்டும் கோரிக்கைகளாயின. இரு நூற்றாண்டுகளாயும் கூடாரநிலை முற்றாக நீங்கவில்லை என்பதையே அது புலப்படுத்திற்று.

இலக்கிய ஆய்வில் நாம் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. தோட்டத்துச் சிற்றாலயங்களில் நத்தார்க் காலத்திற் பாடப்படும் பாடல்களையும் நடிக்கப்படும் நாடகங்களையும் மக்கள் பாடல்களோடு ஒருங்கு வைத்து ஆராய்தல் வேண்டும். அவற்றிற் கடவுள் பங்களாவின் விருந்தினராக வருகின்றாரா, லயத்தின் குடியிருப்பாளராக வருகின்றாரா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. வறுமையை அணியாக்கும் பாடலையும் வறுமையின் காரணத்தை வினவும் பாடலையும் பிரித்தறிதற்கு அக்கேள்வி உதவும். நத்தாரின் பொருள் எவர் கையில் உள்ளது என்பதும் அதனாலேயே விளங்கும்.