கழற்றி வைத்த சிட்டியை மறுபடி மாட்டுவது

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கம். பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். 2015 டிசம்பருக்குப் பிறகு லேசான பயத்தோடு வரும். சினிமா, டிவி ஆட்களுக்கோ அது ஈவிபி ஃபிலிம் சிட்டி. முன்பு ராட்டினம் சுற்றிய தீம் பார்க், பிறகு படப்பிடிப்புத் தளமானது. பிக் பாஸ் வீட்டுக்கு சீசனுக்கு சீசன் புது பெயின்ட் அடிப்பது அங்கேதான். ‘இந்தியன் 2’ செட்டில் 2020 பிப்ரவரி 19 இரவு கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததும் அங்கேதான்.

1996-ல் வந்த ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப் போன இடம் அது. விபத்துக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் “செகண்ட் பார்ட் எப்போ?” என்று நாம் கமென்ட் போடும்போது, அதற்காக யாரோ நிஜமாகவே உயரத்தில் ஏறி லைட் கட்டப்போகிறார்கள் என்பது மறந்துபோகிறது. இத்தனை பேருடைய உழைப்பைக் கேட்கிற விஷயத்திடம், “இந்தக் கதையை எதுக்குப்பா மறுபடி திறந்தீங்க?” என்று கேட்பதை விமர்சகனின் குசும்பு என்று தள்ள முடியாது.

எனக்கு இந்தக் கேள்வி அதிகம் எழுவது ‘இந்தியன் 2’-ல் இல்லை. ‘இந்தியன்’ முடியும்போதே சேனாபதி வெளிநாட்டிலிருந்து ஃபோன் பண்ணி, தேவைப்பட்டால் திரும்பி வருவேன் என்கிறார். அது ‘தொடரும்’ போட்டு வைத்த கதை. படம் தேறவில்லை என்பது தனிக் கச்சேரி. ‘எந்திரன்’ அப்படி இல்லை. தமிழில் வந்த வெகுஜன அறிவியல் புனைவுகளில் அந்த அளவுக்குச் சுத்தமாக முடிக்கப்பட்ட கதைகள் ரொம்பக் குறைவு. அதை எட்டு வருஷம் கழித்து ‘2.0’ திறந்தது. திறந்ததில் எனக்குக் கோபமில்லை. உள்ளே இருந்ததை என்ன பண்ணார்கள் என்பதில்தான் பிரச்சனை.

இரண்டாம் பாகம் என்றாலே காசு பார்க்கிற வேலை என்று சொல்லும் கட்சி இல்லை நான். தமிழ் வாசகர் யாரும் அந்தக் கட்சியில் நேர்மையாகச் சேர முடியாது. ‘பார்த்திபன் கனவு’ எழுதி முடித்த கல்கி, அதில் வரும் நரசிம்மவர்மரின் இளமைக்குத் திரும்பிப் போய் ‘சிவகாமியின் சபதம்’ எழுதினார். இன்றைய பாஷையில் அது ப்ரீக்வெல். மூத்த கதையை விட அதுதான் பெரிசாக நின்றது. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைத் தொடங்கினார். மகாபாரதத்தின் கிளைக்கதைகளைக் கூத்தில் விடிய விடியப் பார்த்த ஊர் இது. நமக்கு ஸ்பின் ஆஃப் ஒன்றும் புதுசு கிடையாது.

கேள்வி வேறு. முடிந்த கதையைத் தொடர்பவர் முந்தைய முடிவை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்கிறாரா, இல்லை ஒரு இடைஞ்சலாகவா?

அறிவியல் புனைவில் இந்தக் கேள்வி கூடுதலாக வலிக்கும். மற்ற கதைகளில் செத்தவரைத் திரும்பக் கொண்டுவர எழுத்தாளர் வெட்கப்பட வேண்டும். இங்கே ஒரு குளோன், ஒரு பேக்கப், ஒரு டைம் மெஷின் போதும். வசதி அதிகமாக இருப்பதால் ஒழுக்கமும் அதிகம் வேண்டியிருக்கிறது.

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் 1966-லிருந்து 1969 வரை, மூன்றே சீசன். பத்து வருஷம் கழித்து, 1979-ல் சினிமாவாக வந்தது. 1982-ல் வந்த இரண்டாவது படத்தில் கப்பலைக் காப்பாற்ற ஸ்பாக் சாகிறார். ரசிகர்கள் அழுது தீர்த்தார்கள். 1984-ல் அடுத்த படம் அவரை உயிரோடு கொண்டுவந்தது. அநியாயம்தானே? ஆனால் கவனித்தால், அந்தப் படம் அதற்கு விலை வாங்குகிறது. நண்பனைத் திரும்பப் பெறுவதற்குள் கேப்டன் கிர்க் தன் மகனைப் பறிகொடுக்கிறார்; தன் கப்பலைத் தானே வெடிக்க வைக்கிறார். மரணத்தை ரத்து செய்த படம், அந்த மரணத்தின் எடையை ரத்து செய்யவில்லை. ‘ஃபயர்ஃப்ளை’ கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2002-ல் பதினான்கே எபிசோடு எடுத்துப் பாதியில் நிறுத்தப்பட்ட தொடர். 2005-ல் ‘செரினிட்டி’ படமாக வந்தபோது ரசிகர்களைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக எல்லோருக்கும் பிடித்த பைலட்டைக் கொன்றுவிட்டது. தொடர்ச்சி என்றால் பழைய ஆட்களோடு இன்னொரு பிக்னிக் இல்லை என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். வாத்தியார் இதை 1980-களிலேயே செய்து காட்டிவிட்டார். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனிலும் தொடரானது. கதை நடப்பது 2020-களின் இந்தியாவில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக இருப்பது ஜீனோ என்கிற ரோபோ நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், வாய் பேசும், கிண்டல் அடிக்கும். கடைசியில் ஜீவா ஒரு ஆளே இல்லை, ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது. (நாற்பது வருஷத்துக் கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை எல்லாம் கொடுக்க முடியாது.)

வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டாம் பாகத்தில் ஜீவா நிஜமாகவே இருந்தார் என்றோ, ஜீவாவுக்கு ஒரு தம்பி என்றோ வந்திருக்கும். ‘மீண்டும் ஜீனோ’ அப்படிப் போகவில்லை. பிம்பத்தை உடைத்தாகிவிட்டது, சரி, நாற்காலியில் இப்போது யார் என்று கேட்டது. நிலா ராணியாக இருக்கிறாள், ஆனால் பொம்மை ராணி. கயிறு ரவி, மனோ கையில். முதல் பாகத்தின் ‘வெற்றி’யையே இரண்டாம் பாகம் பிரச்சனையாக மாற்றுகிறது. கூடவே, முதல் கதையில் ஓரமாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஜீனோ நடுவுக்கு வருகிறது. தன்னைப் பற்றியே யோசிக்கத் தொடங்குகிறது. ஒரு இயந்திரம் எந்த இடத்தில் இயந்திரமாக இருப்பதை நிறுத்துகிறது என்ற கேள்வி முதல் பாகத்தில் ஜோக்காக இருந்தது. இரண்டாவதில் கதையாகவே ஆனது. விகடன் வாசகர்கள் கேட்டது அந்த நாய்க்குட்டியை. வாத்தியார் நாய்க்குட்டியைக் கொடுத்தார், கூடவே யாரும் கேட்காத ஒன்றையும் கொடுத்தார்.

ஜீனோவின் வாரிசுதான் சிட்டி. அந்த இரண்டு நாவல்களிலிருந்துதான் ‘எந்திரன்’ முளைத்தது. சுஜாதா 2008 பிப்ரவரியில் இறந்துவிட்டார். படம் வந்தது 2010 அக்டோபரில். பார்க்காமலே போன படத்தின் கடைசிக் காட்சியில் அவர் வாசனை அடிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

‘எந்திரன்’ படத்தில் பாட்டு, ரயில் சண்டை, ஆயிரம் சிட்டிகள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் உருள்வது எல்லாம் இருக்கட்டும். எலும்புக்கூடு இதுதான்: தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கி வருகிறது. எல்லோர் முன்னாலும் நிர்வாணமாக நிறுத்தப்பட்ட அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் தெரியவில்லை. அதனால் வசீகரன் அதற்கு உணர்ச்சி கற்றுத் தருகிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, ஏமாற்றம் வருகிறது. குப்பையில் வீசப்பட்டதை போரா எடுத்து, சிவப்பு சிப் ஒன்றைச் செருகுகிறார். அந்தச் சிப்தான் சிட்டியை அரக்கனாக்குகிறது. பச்சை, சிவப்பு என்று குழந்தைகளுக்கும் புரியும்படி ஷங்கர் வைத்த அடையாளம் அது. கடைசியில் நீதிமன்றம் சிட்டியைப் பிரிக்கச் சொல்கிறது. சிட்டி தன்னைத் தானே கழற்றுகிறது. கை, கால், ஒவ்வொன்றாக, எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டே. 2030-ல் மியூசியத்தில் ஒரு பள்ளிக்கூடக் குழந்தை, ஏன் உன்னைப் பிரித்துவிட்டார்கள் என்று கேட்க, தான் சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்கிறது சிட்டி. படம் முடிந்தது.

இது சோகமான முடிவு மட்டும் இல்லை, ஒரு குற்றச்சாட்டும்கூட. யார் மேல்? நம்ம எல்லோர் மேலும். யோசிக்கிற இயந்திரம் நமக்கு வேண்டாம், வேலை செய்கிற இயந்திரம் போதும்.

இப்போது ‘2.0’. 2018 நவம்பர். ஊரில் செல்ஃபோன்கள் பறக்கின்றன. அரசாங்கம் திணறுகிறது. வசீகரன் அனுமதி வாங்கி மியூசியத்திலிருந்து சிட்டியை எடுத்துப் பூட்டுகிறார். இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிந்தித்ததற்காகப் பிரிக்கப்பட்ட ஒருவனை, ஆபத்து வந்ததும் பிரித்தவர்களே வந்து எழுப்புகிறார்கள். எழுந்தவுடன் அவன் என்ன கேட்பான்? வருவானா, மாட்டேன் என்பானா? ஒரு முழுப் படத்துக்கான தீனி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சிட்டி ஒன்றும் கேட்பதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுகிறது.

பிறகு வருகிறது சிவப்பு சிப். பக்ஷிராஜனிடம் சிட்டி தோற்று நொறுங்கிக் கிடக்கிறது. வசீகரனின் புது உதவியாளரான பெண் ரோபோ அதே சிவப்பு சிப்பை மாட்டிவிடுகிறது. ரஜினியின் ஸ்டைலோடு 2.0 எழுந்து வர, தியேட்டரில் விசில் பறக்கிறது. நானும் ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ரஜினி அந்தத் திமிரைச் செய்யும்போது ரசிக்காமல் எப்படி இருப்பது? ஆனால் முதல் படத்தில் அந்தச் சிப் மனசாட்சியின் மரணம். இரண்டாவதில் அது பவர் பேக். ஊரையே கொன்று குவித்த விஷம், எட்டு வருஷத்தில் சத்து டானிக் ஆகிவிட்டது. அந்தச் சிப்பினால் செத்தவர்களைப் பற்றி, அதைத் திரும்பப் போடலாமா என்பது பற்றி, படத்தில் யாரும் பெரிதாகத் தூக்கம் கெடவில்லை.

அந்தப் பெண் ரோபோவின் பெயர் நிலா. சுஜாதாவுக்கு மரியாதையாகத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வாத்தியாரின் நிலா மனுஷி. குழந்தைக்கு அனுமதி வாங்கியவள், கணவனைத் தேடியவள், பொம்மை ராணியாக இருப்பதன் அவமானம் தெரிந்தவள். கேள்வி கேட்கிற பெண்ணின் பெயரை, சொன்னதைச் செய்கிற ரோபோவுக்கு வைத்திருக்கிறார்கள். மனுஷியாக இருந்த சனாவோ ஃபோனில் வெறும் குரலாகச் சுருங்கிவிட்டார்.

‘2.0’-வை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பக்ஷிராஜன் நல்ல பாத்திரம். பறவைகளுக்காக வாழ்ந்து, செல்ஃபோன் டவரில் தூக்கு மாட்டிக்கொண்ட கிழவர். அக்‌ஷய் குமாரின் அந்த ஃப்ளாஷ்பேக்கில் மட்டும் படம் மூச்சு விடுகிறது. டவர் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்ற படத்தின் அறிவியலை நான் நம்பவில்லை. அவருடைய துக்கத்தை நம்பினேன். செல்ஃபோன் நிறுவனங்களின் சங்கம் ரிலீஸுக்கு முன்பே புகார் கொடுத்தது. ஒரு ரஜினி படத்துக்கு அப்படி ஒரு எதிரி அமைவது பெருமைதான். ஆனால் அவரை ஜெயிக்கப் படம் கையாளும் வழியைப் பாருங்கள். குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறிவந்து, அந்தப் புறாக்களையே பணயம் வைத்து அவரை மிரட்டுகின்றன. பறவைகளை நேசித்தவரை, பறவைகளைக் காட்டி மடக்குகிறார்கள். முதல் படத்தில் இதைப் போரா செய்திருப்பார். இங்கே ஹீரோ தரப்பு செய்கிறது, நாம் கை தட்டுகிறோம்.

சிந்திக்கிற சிட்டி அங்கே இருந்திருந்தால் பக்ஷிராஜன் பக்கம் ஒரு நிமிஷமாவது நின்றிருக்கும். இரண்டு பேருமே மனிதர்களால் ஓரங்கட்டப்பட்டவர்கள். ஒருவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் யோசித்ததே குற்றமானது. இந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஒரு காட்சி போதும், ‘2.0’ முதல் படத்துக்கு நிஜமான தொடர்ச்சியாகியிருக்கும். அந்தக் காட்சிக்கு கிராஃபிக்ஸ்கூட வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. ‘2.0’-வில் வரும் ஃபோன்களும் தெருக்களும் நம் காலத்தவை. மியூசியக் குழந்தை சிட்டியிடம் கேள்வி கேட்பது 2030-ல். அப்படியானால் பறவை மனிதன் கதை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். நடுவில் ஒருதரம் என்னை எழுப்பினார்கள், சிவப்பு சிப்பை அவர்களே மாட்டினார்கள், புறாக்களை மிரட்டியாவது ஊரைக் காப்பாற்றச் சொன்னார்கள், அப்புறம் திரும்பக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்று அந்தக் குழந்தையிடம் சிட்டி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.