கணக்கில் புழங்கும் செல்லாக்காசு

பணம் எடுக்க உதவும் ஒரு நிரலில் இரண்டே சோதனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்கும் தொகை பூஜ்யத்தைவிடக் குறைவாக இருந்தால் மறுத்துவிடு. இருப்பைவிட அதிகமாக இருந்தாலும் மறுத்துவிடு. இரண்டிலும் சிக்காவிட்டால் கொடு. பார்வைக்கு ஓட்டை ஏதும் தெரியவில்லை. பைத்தானில் எழுதிய இந்த நிரலின் தொகைக் கட்டத்தில் ஒருவர் எண்ணுக்குப் பதிலாக என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி அனுப்புகிறார். எழுத்தை எண்ணாக்கும் ‘ஃபுளோட்’ அதை மறுப்பதில்லை. ‘நேன்’, அதாவது ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பாக மாற்றித் தருகிறது. நேனைவிட எது பெரிது, எது சிறிது என்று கேட்டாலும் விடை ‘பொய்’தான். பூஜ்யத்தைவிடக் குறைவா? பொய். இருப்பைவிட அதிகமா? பொய். பணம் போய்விட்டது. இருப்பிலிருந்து நேனைக் கழித்தால் இருப்பும் நேன் ஆகிவிடும். அதன்பின் அந்தக் கணக்கில் எவ்வளவு கேட்டாலும் இரண்டாவது சோதனை தடுக்காது.

நேன் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது. 1985இல் வெளிவந்த ஐஇஇஇ 754 தரநிலை அது. அதன் முதன்மைச் சிற்பி, பெர்க்லியில் கணிதம் கற்பித்த வில்லியம் கஹான். 1989இல் டூரிங் விருது பெற்றவர். செல்லாத விடைக்கென்று தனிக் குறி வைக்கும் வழக்கம் அவருக்கு முன்பே, 1960களின் சிடிசி 6600 கணினியில் இருந்தது. 1980இல் வந்த இன்டெல் 8087 சில்லு நேனைப் பரவலாக்கியது. தரநிலை அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது.

யோசனை மோசமானதல்ல. லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒரே சூத்திரத்தை ஓட்டும் வானிலைக் கணக்கில், ஏதோ ஒரு புள்ளியில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்தால் முழு ஓட்டத்தையும் நிறுத்துவது அபத்தம். அந்தப் புள்ளியின் விடை மட்டும் கெட்டுப்போகட்டும், மற்றவை பிழைக்கட்டும் என்பதே நேனின் வாதம். நேன் தனக்குத்தானே சமமில்லை என்ற விநோத விதிக்கும் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஒரு மதிப்பு நேனா என்று கேட்க அன்றைய மொழிகளில் செயற்கூறு கிடையாது. ஆனால் சமமா என்று கேட்கும் வசதி எல்லா மொழியிலும் இருந்தது. தனக்கே சமமில்லாதது எதுவோ அதுவே நேன் என்று கண்டுபிடித்துவிடலாம். அன்றைக்குக் கெட்டிக்காரத்தனம்தான். அதற்கான வட்டியைத்தான் நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் குறை தரநிலையின் மீதல்ல, அதைப் பாதியாக எடுத்துக்கொண்ட மொழிகளின் மீது. தரநிலை நேனோடு ஐந்து கொடிகளையும் தந்திருந்தது: செல்லாத செயல், பூஜ்ய வகுத்தல், மேல்மிகை, கீழ்மிகை, துல்லியக் குறைவு. கணக்கு நிற்காமல் ஓடும். ஓடி முடித்தபின் கொடியைப் பார்த்து வழியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். சி மொழி 1999 பதிப்பில் இதற்கு வழி செய்தது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் நேனை வாங்கிக்கொண்டு கொடிகளை விட்டுவிட்டன. விளைவு, எங்கே, ஏன் கெட்டது என்ற தடயமே இல்லாமல் கெட்டுப்போன விடை மட்டும் கைக்கு வருகிறது. நிரலாளர்கள் ஏளனமாகப் பார்க்கும் எக்செல் இதில் ஒரு படி மேல். பூஜ்யத்தால் வகுத்தால் ஒரு பிழைக்குறி, எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால் வேறொரு பிழைக்குறி. பிழை கட்டத்துக்குக் கட்டம் பரவுகிறது. என்ன வகைப் பிழை என்பதும் கூடவே பரவுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டின் சிக்கல் எண்ணாக மாற்றும் இடத்திலேயே தொடங்குகிறது. எழுத்துகளை எண்ணாக்கச் சொன்னால் நேன் வருகிறது, சரி. ஆனால் வெற்றுச் சரத்தை எண்ணாக்கினால் 0 வருகிறது. நிரப்பாமல் விட்ட கட்டமும் பூஜ்யம் என்று நிரப்பிய கட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. ‘நல்’ எனும் வெற்று மதிப்பும் 0 ஆகிறது. ‘அன்டிஃபைன்ட்’ மட்டும் நேன் ஆகிறது. இவற்றை அடுக்கினால் ஒரு அழகான விபத்து கிடைக்கும். கணக்கில் நேன் உருவாகிறது. அதை ஜேசன் வடிவத்தில் வெளியே அனுப்பும்போது ஜேசனில் நேனுக்கு இடமில்லாததால் ‘நல்’ ஆகிறது. மறுமுனையில் அதை எண்ணாக்கினால் 0. செல்லாத விடை இரண்டே தாவலில் சுத்தமான பூஜ்யமாகிவிட்டது. இனி எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது.

எண் வகைகளிலும் அதே தாராளம். நெடுங்காலம் அந்த மொழியில் 64 பிட் மிதவைப்புள்ளி எண் என்ற ஒரே வகைதான் இருந்தது. கற்பவருக்கு இது பெரும் சுகம். முழு எண்ணா, பின்னமா என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் 9007199254740991ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறிய முடியாது. 9007199254740993 என்று எழுதினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. 2010இல் ட்விட்டர் 64 பிட் அடையாள எண்களுக்கு மாறியபோது, இதே காரணத்தால் ஒவ்வோர் எண்ணையும் எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. 2020 பதிப்பில் வந்த ‘பிக்இன்ட்’ இதற்கு விடை. அதையும் பழைய எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் மொழி பிழை எழுப்புகிறது. கால் நூற்றாண்டு தாமதமானாலும் சரியான கண்டிப்பு.

பைத்தான் பாதிக் கண்டிப்பு. முழு எண்ணுக்கு வரம்பு கிடையாது, பூஜ்யத்தால் வகுத்தால் உடனே பிழை, எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலும் பிழை. ஆனால் வாசலில் எழுத்தாக வரும் நேனுக்கு மட்டும் தடையில்லை. உள்ளே வந்தபின் அதன் சேட்டை தனி: 1, நேன் என்ற வரிசையில் கொடுத்துப் பெரியது எது என்று கேட்டால் 1, வரிசையை மாற்றிக் கேட்டால் நேன். வாசலின் இன்னொரு தாராளம் நமக்கு இனிக்கும். ‘௧௨’ என்று தமிழ் இலக்கங்களில் கொடுத்தாலும் பைத்தான் 12 என்று படித்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் நேன் என்று கைவிரிக்கும். ஆனால் பழைய முறைப்படி பத்துக்குறி போட்டு ‘௰௨’ என்று எழுதினால் பைத்தானும் பிழை எழுப்பிவிடும். யூனிகோடில் ௰ எண்தான், இலக்கமல்ல.

அப்படியானால் செல்லாத மதிப்பு வந்த கணமே நிறுத்திவிடுவதுதானே பாதுகாப்பு? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட் இந்த வாதத்தைச் சிதறடித்தது. அதன் வழிகாட்டும் நிரல் அடா மொழியில் எழுதப்பட்டது. எண் வரம்புகளில் அடாவைப் போல் கறாரான மொழி குறைவு. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக்கும் இடத்தில் மதிப்பு வரம்பை மீறியது. அடா முறைப்படி பிழை எழுப்பியது. அதைக் கையாள அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த ஆபத்து உள்ள ஏழு மாறிகளில் நான்குக்கே காப்பு போட்டிருந்தார்கள். கணினியின் சுமையைக் கட்டுக்குள் வைக்க மூன்றை விட்டுவிட்டார்கள். மாற்றுக் கணினியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் நின்றது, ராக்கெட் சிதறியது. இதில் கசப்பான செய்தி, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பியபின் தேவையே இல்லாதது. ஒரு நேன் போலப் பேசாமல் ஓடவிட்டிருந்தால் அதன் விடையை எவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். கஹானின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே நிறுத்துவதா, ஓடவிடுவதா என்ற முடிவைவிட, ‘இங்கே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு’ என்பதை எழுதும்போதே நிரலாளர் முகத்தில் காட்டுவதுதான் மொழியின் முதல் வேலை என்று நினைக்கிறேன். ரஸ்ட் மொழி அதற்கு அருகில் வருகிறது. மிதவைப்புள்ளி எண்களின் பட்டியலை வழக்கமான கட்டளையால் வரிசைப்படுத்தச் சொன்னால் நிரலைத் தொகுக்கவே மறுக்கிறது. நேன் இருக்கும்வரை இந்த வகைக்கு முழுமையான வரிசை கிடையாது என்பது அதன் நிலை. கணித நேர்மை என்றால் இதுதான். ஆனால் எரிச்சலில் பலர் ‘நேன் வராது’ என்று தாங்களே சத்தியம் செய்துகொடுத்துத் தாண்டிவிடுகிறார்கள். வந்தால் நிரல் அங்கேயே விழும். நேனையும் சேர்த்து வரிசைப்படுத்தும் ஒப்பீட்டு முறை 2022இல்தான் நிலையான பதிப்பில் சேர்ந்தது. இத்தனை கண்டிப்புள்ள ரஸ்ட்டும் எழுத்தாக வரும் நேனை எண்ணாகவே படித்துக்கொள்கிறது. வகை மாற்றும் ‘ஆஸ்’ போட்டு அந்த நேனை முழு எண்ணாக்கினால் சத்தமில்லாமல் 0 தருகிறது.

தரநிலையை வேண்டுமென்றே மீறிய தரவுத்தளம் ஒன்றும் உண்டு. போஸ்ட்கிரெஸ் நேன்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சமமாகவும், மற்ற எல்லா எண்களையும்விடப் பெரிதாகவும் கருதுகிறது. தனக்கே சமமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு அட்டவணையைத் தேட முடியாது என்பதே காரணம். ஆவணத்திலும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். இந்த மீறலை நான் ஆதரிக்கிறேன்.

தரவுப் பகுப்பாய்வில்தான் நேன் தன் வேலையல்லாத வேலையைத் தலையில் சுமக்கிறது. கணக்கு தவறியதும் தரவே இல்லாததும் வேறுவேறு. ஆர் மொழி இதை உணர்ந்து, ‘விடுபட்டது’ என்பதற்குத் தனி நேன் வைத்தது. அதன் பிட்டுகளுக்குள் 1954 என்ற எண்ணை ஒளித்து வைத்து இரண்டையும் பிரித்தறிகிறது. பைத்தானின் பாண்டாஸ் நிரலகம் இரண்டுக்கும் ஒரே நேனைப் போட்டது. நேன் மிதவைப்புள்ளி வகையில் மட்டுமே வாழும் என்பதால், முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மொத்த நெடுவரிசையும் மிதவைப்புள்ளியாகிவிடும். தொலைபேசி எண்களின் வாலில் ‘.0’ ஒட்டிக்கொண்டு வரும் பட்டியல்கள் பலவற்றுக்கும் மூலம் இதுதான். காலியிடத்தைத் தாங்கும் முழு எண் வகை 2019இல் வந்தது. ஆனால் சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் இயல்பு வழி இன்னும் பழையதுதான், புதிய வகை வேண்டுமென்றால் கேட்டுத்தான் பெற வேண்டும்.