எடை எந்தக் காலில்?

மாமல்லபுரத்து நாட்டிய விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முகபாவத்தையும் முத்திரையையும்தான் பார்க்கிறார்கள். ஆடுபவரின் பயிற்சி எப்படிப்பட்டது என்று அறிய, பார்வை பாதத்துக்கு இறங்க வேண்டும். எடை எந்தக் காலில், எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதே அதைச் சொல்லிவிடும்.

1992 முதல் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நடந்துவரும் இவ்விழா, இந்திய ஆடல் பாணிகளை ஒரே மேடையில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு. ஒடிசியில் சதுரம் போல நிற்கும் சௌகத்தில் இரு கால்களும் எடையைச் சமமாகத் தாங்கும். உடல் மூன்று இடங்களில் வளையும் திரிபங்கியில் எடை ஒரு காலுக்குச் சாயும். கதகளிக் கலைஞர் பாதத்தின் வெளி விளிம்பில் நிற்பார். இந்தியப் பாணிகளுக்கு வெளியேயும் இப்படித்தான்: எகிப்தின் பெல்லி டான்ஸில் முழங்கால்கள் லேசாகத் தளர்ந்திருக்கும். எடை ஏறிய கால் நிலைக்க, எடை இறங்கிய பக்கத்து இடுப்பு விடுதலையாக ஆடும்.

பரதநாட்டியத்தின் அஸ்திவாரம், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி. அதில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்றுதான். தொடை திரும்பாமல் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள். உடனே முழங்கால் முன்பக்கம் சரிகிறது, உள்ளங்கால் வளைவு தட்டையாகிறது, சமநிலைக்காக இடுப்பு பின்னால் தள்ளிப்போகிறது. அந்த முறுக்கை எல்லாம் முழங்கால் மூட்டு சுமக்கிறது. திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். பாதவிரல் காட்டும் திசையிலேயே முழங்கால் போக வேண்டும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிங்கால் மூன்றும் எடையைப் பகிர வேண்டும்.

பாதத்தைத் தூக்கித் தட்டும் தட்டடவு இதைச் சோதிக்கும் முதல் களம். வலது காலைத் தூக்கும்போது எடை இடதுக்கு மாற வேண்டும். ஆனால் உடல் இடப்பக்கம் சாயக் கூடாது, மண்டியின் உயரமும் ஏறக் கூடாது. தூக்கிய காலைத் தட்டுமுன் ஒரு தாளம் நிறுத்தச் சொல்லுங்கள். தள்ளாடாத மாணவி எடையைச் சரியாக மாற்றியிருக்கிறாள். காலை நீட்டி ஆடும் நாட்டடவில், நீட்டிய காலின் குதிங்கால் தரையைத் தொடுமே தவிர, எடை மடங்கிய காலில்தான் இருக்க வேண்டும். நீட்டிய காலை எந்நேரமும் தரையிலிருந்து எடுக்க முடிந்தால் நிலை சரி.

இவை அனைத்தும் மெதுவான முதல் காலத்தில் மட்டுமே திருத்தக்கூடியவை. இரண்டாம், மூன்றாம் காலத்தில் வேகம் பிழையை மறைத்துவிடும், பிழை பழக்கமாகிவிடும். பிழையோடு தரையும் சேர்ந்துகொள்கிறது. மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு வட்டாரத்தில் பல பிள்ளைகள் சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும்தான் தட்டிப் பழகுகிறார்கள். அதிர்வைச் சிறிதும் வாங்கிக்கொள்ளாத தரையில் தவறான மண்டியோடு ஆயிரக்கணக்கில் தட்டினால் இளம் முழங்கால்கள் என்ன ஆகும்?

ஆசிரியர்களே, தாளம் தட்டும் தட்டுக்கழியின் வேகத்தைக் கூட்டுமுன் மாணவியின் எதிரே அமர்ந்து அவள் பாதங்களைப் பாருங்கள். பெற்றோரே, அரங்கேற்றம் எப்போது என்று கேட்காதீர்கள்; மண்டி நிலைத்துவிட்டதா என்று கேளுங்கள்.