முதல் விசில் ஊதியாச்சு!

அய்யோ, எங்கிருந்து ஆரம்பிப்பேன்! ஜம்போரி முடிந்து ஊர் திரும்பியும் என் வாய் ஓயவில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது நீங்கள் கிடைத்திருக்கிறீர்கள், விடமாட்டேன். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் திடலில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி, அதாவது அந்த ஜம்போரி, நடந்ததே, அதற்குக் கொடும்பாளூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். நாட்டின் நாலா திசையிலிருந்தும் ஏறக்குறைய 20,000 பேர்! நிறைவு விழா பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பேசப்போவது முதல் நாட்களைப் பற்றி. ஒரு முகாமின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெறும் பொட்டல் ஓர் ஊராவதும், ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கிற பிள்ளைகள் ஓர் அணியாவதும் அந்த முதல் நாட்களில்தான்.

எங்கள் ஊர் சாரணர்களுக்கென்றே அமைந்த ஊர் என்று நான் அடித்துச் சொல்வேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் என்ன சொல்கிறான்? கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். இதைவிட நல்ல வழிக்குறிப்பு எந்தச் சாரணனுக்குக் கிடைக்கும்! அந்த மண்ணில்தான் எங்கள் பிள்ளைகள் தடக்குறி படித்தார்கள். அம்புக்குறி என்றால் இந்தப் பக்கம் போ, பெருக்கல் குறி என்றால் போகாதே, வட்டத்துக்குள் புள்ளி என்றால் வீட்டுக்குப் போயாச்சு. சல்யூட்டுக்கு மூன்று விரல், உறுதிமொழியில் மூன்று கடமை என்று நான் சொல்லி வாய் மூடுமுன் ஒரு பொடியன், “நம்ம ஊர்லயும் மூவர் கோயில் இருக்குல்ல சார்!” என்றான் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது! பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பேரிலும் பத்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த மூன்று கோயில். இன்று இரண்டு விமானம் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். எங்கள் பிள்ளைகள் தங்கள் அணிக்கு மயில் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். விராலிமலை மயில் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு என்ன பேர் வைப்பார்கள்!

ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத பயணம்தான். ஆனால் வண்டி திடலுக்குள் திரும்பியதும் எங்கள் ஆட்கள் கத்தின கத்தல்! “சார், இம்புட்டு டெண்டா!” நினைத்துப் பாருங்கள், கண் எட்டுகிற தூரம்வரைக்கும் கூடாரம், கூடாரத்துக்குப் பின்னால் கூடாரம், நடுவில் கொடிகள், கலர் கலராகக் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள், லாரியிலிருந்து இறங்குகிற மூங்கில், எங்கோ ஒரு பேண்டு வாத்தியம், எல்லாவற்றுக்கும் மேலே செம்மண் புழுதி! அந்தப் புழுதி கொஞ்சம் தொண்டையைக் கரகரக்க வைத்தது உண்மைதான், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? மயில் அணி மூட்டையை இறக்கியதும் வேலையில் இறங்கிவிட்டது. ஒருத்தன் முளை அடிக்க, ஒருத்தன் இழுகயிறு பிடிக்க, ஒருத்தன் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட, இன்னும் ரெண்டு பேர் மூங்கிலில் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிற்றைச் சுற்றி இறுக்கி, மறுபடி க்ளோவ் ஹிட்ச் போட்டு முடித்து, செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு, தட்டு கவிழ்க்க ஒரு ஸ்டாண்டு, வாசலில் தோகை விரித்த மயில்போல ஒரு நுழைவாயில் என்று கட்டி நிறுத்திவிட்டார்கள். ஓர் ஆணி கிடையாது! வெறும் கயிறு! நான் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சந்தோஷத்தில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு, “நீங்களும் ஆட்டிப் பாருங்கள்” என்றேன்.

அடுத்தது கைகுலுக்கல். நம் பக்கத்தில் ஒருத்தருக்கு இடது கையை நீட்டினால் என்ன ஆகும்? பாட்டி கையிலேயே ஒன்று வைப்பாள். சாரணர்களுக்கு இடது கைதான் நட்பின் கை! பக்கத்துக் கூடாரத்தில் வடநாட்டுப் பிள்ளைகள், இவர்களுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் அணித் தலைவன் போய் நிமிர்ந்து நின்று மூன்று விரல் சல்யூட் வைத்து, இடது கையை நீட்டினான். அவ்வளவுதான், பாஷை முடிந்தது! கொஞ்ச நேரத்தில் பேட்ஜ் கை மாறுகிறது, எங்கள் முறுக்கு அந்தப் பக்கம் போகிறது, அவர்கள் தின்பண்டம் இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பையன் “மயில், மயில்” என்று சொல்லிப் பழகுகிறான். மணப்பாறைக்கு வந்து முறுக்கில் தொடங்காத நட்பு எது!

காலையில் விசில். அடடா, அந்த விசில்! ஒரே ஒரு நெடில் என்றால் கப்சிப். குறில் குறிலாக விடாமல் வந்தால் எல்லாரும் ஓடி வந்து கூடு. மூன்று குறிலும் ஒரு நெடிலும் என்றால் அணித் தலைவர்கள் மட்டும் வா. வீட்டில் அம்மா பத்துத் தரம் எழுப்பினாலும் எழுந்திருக்காத பிள்ளைகள், விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, பல் கிடுகிடுக்க, சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்கிறார்கள்! 1907இல் பிரௌன்சி தீவில் பேடன் பவல் இருபது பையன்களோடு முதல் முகாம் போட்டபோது ஆப்பிரிக்கக் குடு மானின் கொம்பை ஊதித்தான் எழுப்பினாராம். அந்தக் கொம்பின் எதிரொலி நம்மிடமும் வந்து சேர்ந்ததற்கு நம் சென்னைக்குப் பங்கு உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த இயக்கத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றபோது, 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தையே தனியாகத் தொடங்கிவிட்டார்! பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் ஆயிற்று, மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். அதன் எழுபத்தைந்தாம் ஆண்டுக் கொண்டாட்டத்தைத்தான் 28ஆம் தேதி துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொடி ஏறியது, அத்தனை பிள்ளைகளும் ஒரே அசைவில் சல்யூட் வைத்தார்கள், என் கையும் தானாக மேலே போனது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை!

மறுநாள் தை அமாவாசை. நிலா இல்லாத ராத்திரி, பிள்ளைகளுக்கு வானம் காட்ட அதைவிட நல்ல ராத்திரி எது? விளக்கு வெளிச்சத்தை விட்டு ஓரமாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம், நீங்களும் வாருங்கள், பாருங்கள்: மேற்கே வெள்ளி தகதக என்று, அதற்குக் கீழே சனி, உச்சி வானில் வியாழன், கிழக்கே செக்கச்செவேல் என்று செவ்வாய், நாலும் ஒரே வானத்தில், ஒரே நேரத்தில்! வேடன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் பளிச்சென்று மூன்று நட்சத்திரம், நடு நட்சத்திரத்திலிருந்து தலையில் இருக்கும் மிருகசீரிடத்தின் வழியாகக் கோடு இழுத்துக்கொண்டே போனால் வடக்கு! நம் ஊர் அட்சரேகையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும், தேடித் தேடி, “அந்தா சார், அந்தா!” என்று மயில் அணியின் ஆகச் சின்னவன் கண்டுபிடித்துவிட்டான், அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலுக்கு வடநாட்டு அணி ஓடி வந்தது, அவர்களுக்கும் காட்டினோம், அப்படியே எல்லாரும் பாசறைத் தீக்குப் போனோம், கட்டைகள் படபட என்று வெடிக்க, பொறி மேலே பறக்க, பஞ்சாப்காரர்கள் ஒரு ஆட்டம், கேரளத்துப் பிள்ளைகள் ஒரு பாட்டு, எங்கள் முறை வந்ததும் மயில் அணி எழுந்து நின்று அகவின ஒரு அகவலில் கூட்டம் மொத்தமும் திருப்பி அகவியது, திரும்பத் திரும்ப அகவியது, நானும் அகவினேன், தொண்டை போகிறவரைக்கும் அகவினேன், அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எங்கேயும் நான் இருக்க விரும்பவில்லை!

இவ்வளவு கேட்டபிறகும் சும்மா இருப்பீர்களா? பத்து வயது ஆகிவிட்டதென்றால் உங்கள் பிள்ளை சாரணராகலாம், சாரணியராகலாம். அதற்கும் சின்னவர்களுக்குக் குருளையர், நீலப்பறவையர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஜம்போரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோடை விடுமுறையில் பள்ளிச் சாரணப் படைகள் முகாம் போடும், ஒரு கூடாரமும் நாலு முழக் கயிறும் போதும். முதல் நாள் அழுதுகொண்டு போன பிள்ளை, “இன்னும் ஒரு நாள் இருக்கேம்மா” என்று போனில் கெஞ்சும் பாருங்கள்! பள்ளி திறந்ததும் போய்க் கேளுங்கள், படை இல்லை என்றால் தொடங்கச் சொல்லுங்கள், சாரண ஆசிரியராக ஆள் இல்லை என்றால் நீங்களே பயிற்சிக்குப் போங்கள். வழி தெரியவில்லையா? கொடும்பாளூருக்கு வாருங்கள், முடிச்சிலிருந்து நட்சத்திரம்வரை அத்தனையும் மயில் அணியே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்!